பொன்னாடையா, பொழிவா?

(அறிவியல் நாளையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உழவு வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே! முன்னே தரையிலமர்ந்து, இவர் எப்பொழுது முடிப்பார் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

அறிவியல் நாளில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் ஒளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேச வரவில்லை. அவற்றை எனக்குப் பின் இயற்பியலாசிரியர் பேசுவார். அறிவியலறிஞர்களை நாம் எவ்வாறு போற்றி வருகின்றோம், எவ்வாறு போற்றவேண்டும் என்பதைப் பற்றியே பேச வந்தேன். போற்றுதல் என்பது மொழியாற் செய்யும் வினை. ஆகவே அது தமிழாசிரியன் வேலையுமாகும்.

பிப்பிரவரி 28 ஏன் அறிவியல் நாளாயிற்று என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். 1928-ஆம் ஆண்டு அந்நாளில், கல்கத்தாவில் ஆய்வு நிகழ்த்திக்கொண்டிருந்த ச. வெ. இராமன், ஒளி ஒரு பொருளினுள் புகுந்து சிதறும்போது அதன் மிகச்சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகின்றது என்னும் உண்மையை உறுதிசெய்தார். 1987 முதல் அந்நாளைக் கொண்டாடி வருகின்றோம். இராமன் பிறந்தது 1888-இல், திருவானைக்காவில். இங்கிருந்து திருச்சிராப்பள்ளிப் பேருந்தேறிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் அவ்வூர் வந்துவிடும். அத்துணை அண்மையிற் பிறந்த அவர்க்கு, அவ்வுண்மையைக் கண்ட மூவாண்டிற்குள், 1930 திசம்பர் 10 அன்று, சுவீடன் நாட்டுத் தலைநகராகிய சுடாக்கோமில் அந்நாட்டு மன்னர் தம் கையால் நோபல் பரிசு வழங்கினார்.

அவ்விழாவில் தாம் ஆங்கிலேயர் கொடியின்கீழ் அமர்த்தப்பட்டிருந்ததைத் திரும்பிப் பார்த்ததாகவும், தம் ஏழை நாட்டுக்கென ஒரு கொடிகூட இல்லையே என்றெண்ணிக் கண்கலங்கியதாகவும் பின்னாளில் இராமன் சொன்னார். கொடி 1947-இல் வந்துவிட்டது. மேடையேறும் தமிழ்மகனுக்குத் தன் மொழியும் உடன் வருகின்றதா என்பதுதான் இன்னும் விடையிறுக்கப்படாமல் நிற்கின்றது.

பரிசு பெற்ற மறுநாள், திசம்பர் 11 அன்று, இராமன் தம் ஆய்வைப் பற்றி விரிவாகப் பொழிவு நிகழ்த்தினார். இதனை நன்றியுரை போன்றதொரு சடங்கு என்று பலர் கருதுகின்றனர். அன்று! நோபல் அறக்கட்டளையின் நெறிமுறையிலேயே எழுதி வைக்கப்பட்டுள்ள கடமை அது. பரிசு பெறுவோர், இயலுமாயின், விழாவிற்கு முன்போ விழா முடிந்து ஆறு திங்களுக்குள்ளோ, எவ்வினைக்காகப் பரிசு பெற்றாரோ அவ்வினையைப் பற்றிப் பொழிவு நிகழ்த்துதல் வேண்டும். பொற்பதக்கம், பெருந்தொகை, மன்னர் கைகுலுக்கல், இத்தனையும் கொடுத்துவிட்டு அவர்கள் கேட்கும் கைம்மாறு ஒன்றே ஒன்று: “நீர் கண்டதை எங்களுக்குச் சொல்லும்!”

பாருங்கள், போற்றுதலின் உயிர்நிலை எங்கே இருக்கின்றதென்று! பதக்கம் பெட்டிக்குட் போய்விடும். விருந்து மறுநாட் காலைக்குள் செரித்துவிடும். பொழிவு நிற்கும். இராமன் அன்று பேசியதை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

விருந்தை நான் பழிக்கவில்லை. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துக்கொண்ட இனம் நம்மினம். சுடாக்கோம் நகர மன்றத்தில் அண்மை ஆண்டுகளில் நிகழும் அவ்விருந்தில் ஏறத்தாழ 1300 பேர் அமர்கின்றனர். அக்கூடத்திற்கு நீலக்கூடம் என்று பெயர். ஆனால் சுவரெல்லாம் செங்கல் நிறம். நீலம் பூசத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர், செங்கல்லின் அழகைக் கண்டு பூசாமலே விட்டுவிட்டார்; பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் சொல்ல வந்தது அதுவன்று. அந்த 1300 பேருள் ஏறத்தாழ 200 பேர் மாணவர்கள்! உலகத்தின் தலைசிறந்த அறிஞர் உண்ணும் கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இலை போடுகின்றார்கள். நம்மூர் விழாக்களில் மாணவர் எங்கே நிற்கின்றனர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை; நாற்காலி தூக்கிக்கொண்டும், தேநீர்க் குவளை ஏந்திக்கொண்டும் நிற்கின்றனர்.

இராமன் மது அருந்தாதவர். ஆகவே விருந்தில் ஒருவர், “சாராயத்தின்மேல் இராமன் விளைவைக் கண்டோம்; இராமன்மேல் சாராயத்தின் விளைவையும் காண விழைகின்றோம்” என்று நகையாடியதாக ஒரு செய்தி வேடிக்கையாக வழங்கி வருகின்றது. நகையாடட்டும். அடுத்த செய்திதான் நாம் நகைக்க இயலாதது.

அப்பரிசுடன் கொடுக்கும் பட்டயம் எம்மொழியில் எழுதப்படுகின்றது தெரியுமா? ஆங்கிலத்தில் அன்று, பிரெஞ்சில் அன்று. சுவீடிய மொழியில்! பரிசு பெறுவோரை அறிமுகஞ்செய்யும் உரையும் சுவீடிய மொழியில்தான். திருவானைக்காவில் பிறந்தவர்க்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தனர். 1901-இல் அப்பரிசைக் கொடுக்கத் தொடங்கியபோது அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 51 இலக்கம். இன்றும் ஒரு கோடியைச் சற்றே கடந்ததுதான். ஏழு கோடிக்கு மேற்பட்ட நாம் ஓர் அறிவியல் விழாவிற்கு அழைப்பிதழ் அடிக்கும்போது, அறிஞர் பெயரின்பின் வரும் பட்டங்களையும் அவர் துறையின் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, ‘அனைவரும் வருக’ என்பதை மட்டும் தமிழில் அடிக்கின்றோம். வருவதற்கு மட்டும் தமிழர். அறிவதற்கு வேண்டா போலும்!

சில ஆண்டுகட்குமுன் ஒரு பள்ளி விழா. ஊரும் பெயரும் வேண்டா. ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றும் அம்மையார் ஒருவரை அழைத்திருந்தனர். தமிழ்வழியிற் படித்து மேலே வந்தவர். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, நால்வர் வாழ்த்துரை, பிறகு பொன்னாடைகள். நான் எண்ணினேன்: பதினேழு பொன்னாடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒளிப்படம். அம்மையார் எழுந்தபோது மாலை மங்கிவிட்டது. பள்ளிப் பேருந்து புறப்பட நின்றது. அவர்க்குக் கிடைத்தது ஏழு மணித்துளி. மண்ணிலுள்ள நுண்ணுயிர் வேர்க்கு உணவூட்டும் வகையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கடலை பயிரிடுவோர் நிறைந்த ஊர் அது. கடலை வேரில் தொங்கும் முடிச்சைக் காணாத பிள்ளை அங்கே ஒன்றும் இல்லை. பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, “அந்த முடிச்சையா அம்மா சொல்கின்றீர்கள்?” என்று கேட்டாள். அம்மையார் முகம் மலர்ந்தது. அதற்குள் ஒலிபெருக்கி நன்றியுரைக்குப் போய்விட்டது. அன்று போற்றப்பட்டது யார்? அறிவியலா, ஆடையா?

இவ்வாறு போற்றுவது நம் முன்னோர் வழக்கமும் அன்று. தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய மன்னன் பெயரை உலகறியும். அக்கோவிற் கல்வெட்டிலேயே குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் வெட்டப்பட்டிருக்கின்றது. கற்கணக்கறிந்த வினைஞனுக்கு, அவன் எழுப்பிய கல்லிலேயே இடங்கொடுத்தனர். நம் சித்தன்னவாசலுக்குச் செல்லுங்கள். ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9-ஆம் நூற்றாண்டில் அக்குடைவரையைப் புதுக்கிய செய்தி அங்கே தமிழ்ப் பாட்டாகவே பொறிக்கப்பட்டிருக்கின்றது. ‘ஆசிரியன்’ என்னும் சொல் கல்லிலே நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் செருக்கு வரும், அதனைப் பொறுத்தருள்க.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு இன்னும் ஒருபடி மேலே. ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டினதாக அறிஞர் கொள்ளும் அதில் பண்களின் சுர அடைவுகள் வரிவரியாக வெட்டப்பட்டுள்ளன. கிரந்த எழுத்தும் வடமொழியுமாய் இருப்பது எனக்கு உவப்பன்று. தமிழ்த் தொடர் அடியில் ஓரிடத்தில்தான் தலைகாட்டுகின்றது. ஆயினும் அதில் ஒரு சொல் என்னைக் கட்டிப்போடும். மாணாக்கர் நன்மைக்காகச் செய்யப்பட்டது என்கின்றது அக்கல்வெட்டு. ஆசானிடம் கற்ற கலையை அரண்மனைக்குள் பூட்டி வைக்காமல், மலைச்சரிவில், வருவோர் போவோர் கண்முன் எழுதி வைத்தான் ஒரு மன்னன். அதுவும் ஒரு பொழிவே. கல்லிற் பொழிந்த பொழிவு.

நாம் அவ்வழியை விட்டுவிட்டோம். நமக்கு இப்பொழுது எஞ்சியிருப்பது ஊர்ப்பெருமை மட்டுமே. கணக்குமேதை இராமானுசன் 1918-இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினராயினார்; 1920-இல் 32-ஆம் அகவையில் சென்னையில் மறைந்தார். அவர்தம் துணைவியார் சானகியம்மையார் அதன்பின் 74 ஆண்டு வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து காலங்கடத்தினார். தம் கணவர்க்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அச்சிலை எங்கே என்று அம்முதியவர் 1981-ஆம் ஆண்டளவில் கேட்ட செய்தி கடல்கடந்து சென்றது. அமெரிக்கக் கணக்கறிஞர் இரிச்சர்டு ஆசுக்கி முயன்று, உலகெங்குமுள்ள கணக்கறிஞரிடம் பொருள் திரட்டி, பால் கிரான்லண்டு என்னும் கலைஞரைக் கொண்டு வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வார்த்து அவ்வம்மையார்க்கு அனுப்பிவைத்தார். நாம் செய்யத் தவறியதை அயலார் செய்தனர். இன்று அவர் பிறந்த ஈரோட்டையும் வளர்ந்த குடந்தையையும் சொல்லி நெஞ்சு நிமிர்த்துகின்றோம்.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வேங்கடராமன் இராமகிருட்டிணன் 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது என்ன நிகழ்ந்தது? மூன்று அகவையிலேயே அவ்வூரை விட்டுச் சென்றவர் அவர். நாடு முழுவதுமிருந்து மின்னஞ்சல் மழை பொழிந்து தம் பணியைத் தடுப்பதாக அவர் சலித்துக்கொண்டார். பிறப்பிடம் தற்செயலானது என்றும் சொன்னார். நம்மவர் சிலர்க்கு அது சினமூட்டியது. எனக்குச் சினமில்லை. உயிரணுவுக்குள் புரதத்தைக் கட்டியெழுப்பும் நுண்பொறியின் வடிவத்தை அவர் கண்டார். அஃது என்ன என்று கேட்டு எழுதியவர் எத்தனை பேர், எங்களூர்க்காரர் என்று எழுதியவர் எத்தனை பேர்?

அண்மையில் நிகழ்ந்த நல்லதொன்றையும் சொல்லவேண்டும். 2023 ஆகத்து 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபின், அத்தோபர் 2 அன்று சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழக அரசு விழா எடுத்து, விண்வெளி ஆய்வில் சிறந்த தமிழறிஞர் ஒன்பதின்மர்க்கும் ஆளுக்கு 25 இலக்கம் உருபா வழங்கிச் சிறப்பித்தது. மயில்சாமி அண்ணாதுரையும் வீரமுத்துவேலும் வனிதாவும் நிகர் சாசியும் அவ்வொன்பதின்மருள் அடங்குவர். பணத்தைவிட எனக்கு உவப்பானது வேறொன்று: அவ்வறிஞர் பெயரால் பொறியியல் மாணவர்க்கு உதவித்தொகை வழங்கப் பத்துக்கோடி உருபா வைப்புநிதி அமைப்பதாக அவ்விழாவில் அறிவித்தனர். அது வேர்க்கு நீரூற்றும் அறிவிப்பு.

ஆனால் அக்கலம் எவ்வாறு இறங்கிற்று என்று நம் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழில் சொன்னவர் யார்? தமிழிற் சொல்லமுடியாது என்பர் சிலர். முடியுமா முடியாதா என்று இப்பொழுதே பார்த்துவிடுவோம். பிள்ளைகளே, கேளுங்கள். நிலாவில் காற்றில்லை. ஆகவே குடைவிரித்து மெல்ல மிதந்து இறங்க இயலாது. கலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் நிலாவைச் சுற்றிப் பாய்ந்துகொண்டிருக்கின்றது. இங்கிருந்து புதுக்கோட்டை நகர் சேர அவ்விரைவில் எத்தனை நொடியாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! அவ்விரைவை அடக்கப் பொறியின் தீப்பிழம்பைப் போகும் திசையை நோக்கியே தள்ளவேண்டும்; பிழம்பு முன்னே பாய, கலம் பின்னே தள்ளப்பட்டு விரைவு தணியும். பிறகு படுத்த நிலையிலிருந்து நிமிர்ந்து, கால்களைக் கீழ்நோக்கி, குண்டுகுழியில்லாத இடத்தைத் தன் கண்ணாலேயே தேர்ந்து இறங்கவேண்டும். அத்தனையும் ஏறத்தாழ 19 மணித்துளியில் முடிந்தன. இடையில் மனிதர் கைவைக்கவில்லை. இதில் எச்சொல் உங்களுக்கு விளங்கவில்லை? நிலாமண் எப்படியிருக்கும் என்று முன்கூட்டி ஆய்ந்து பார்க்க, அதனை ஒத்த பாறைமண்ணை நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்தே கொண்டுசென்றனர். மண் தமிழ்மண், சொல் மட்டும் தமிழ்ச்சொல்லாய் இருத்தலாகாதா?

தமிழால் முடியும் என்பதற்கு ஈழத்தில் ஒரு பழஞ்சான்றும் உண்டு. அமெரிக்கராகிய மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1860-களிலேயே, ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியல் முதலான நூல்களைத் தமிழாக்கினார். மாணவர் மருத்துவராகித் தொழில் செய்தனர். தாம் தமிழர்க்கு உழைத்த மருத்துவத் தொண்டர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்கச் செய்துகொண்டார் அவர். அயலார்க்கு வந்த துணிவு, நூற்றாறுபது ஆண்டு கழித்தும் நம் பேராசிரியர்க்கு வரவில்லை.

இனி நான் பெரிதாகக் கருதும் செய்திக்கு வருகின்றேன். 2008-இல் இயற்பியற் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் தோசிகிதே மசுகாவா. சப்பானிய நகராகிய நகோயாவில் பிறந்து, அங்கேயே கற்றவர். அணுவுக்குள் அணுவாகிய அடிப்படைத் துகள்களுள் மூன்று வகைகளையே உலகம் அறிந்திருந்த காலத்தில், 1973-இல், ஆறு வகைகளேனும் இருத்தல் வேண்டும் என்று அவரும் கொபயாசி என்பவரும் கணித்துச் சொன்னார்கள். ஆறாவது துகள் 1995-இல் கிடைத்தது. அம்மசுகாவா, சுடாக்கோமில் பொழிவுக்கு எழுந்தவுடன், தமக்கு ஆங்கிலம் பேச வராது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னார். பிறகு பொழிவு முழுவதையும் சப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். அவையோர் மொழிபெயர்ப்பைத் திரையிற் படித்துக்கொண்டனர். யாரும் நகைக்கவில்லை, யாரும் எழுந்து செல்லவில்லை.

எதிர்வழக்காடுவோர் ஒன்று கேட்பர்: 1973-இல் அவர் எழுதிய கட்டுரை ஆங்கிலத்தில்தானே வெளிவந்தது? ஆம், ஆங்கிலத்தில்தான். அதனை மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. உலகுக்கு அறிவிக்க ஆங்கிலம் பயன்பட்டது. ஆனால் அதனை எண்ணவும், ஆசானோடு முட்டி மோதிப் பேசவும், கரும்பலகையில் எழுதி அழித்து மீண்டும் எழுதவும் அவர்க்குத் தாய்மொழி இருந்தது. அவ்விதழும் கியோட்டோவிலிருந்து வெளிவந்த சப்பானியர் இதழே. கதவைத் திறந்து வெளியே செல்ல ஆங்கிலம் வேண்டுமாயின் வைத்துக்கொள்க. வீட்டையே ஆங்கிலத்தாற் கட்டுவானேன் என்பதுதான் என் கேள்வி.

நம் ஊர்க்கு வருவோம். மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1886 சூலை 30 அன்று புதுக்கோட்டையிற் பிறந்தவர். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ள இசைந்தார். அவ்வம்மையார் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை உள்ளத்திற் சுமந்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். 2019 முதல் அவர் பிறந்த நாள் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. நன்று. ஆயினும் புதுக்கோட்டை அவர்க்குச் செய்த முதற் சிறப்பு எது? வகுப்பறையில் கிடைத்த ஓர் இருக்கை. அன்று அதை மறுத்திருந்தால், பின்னாளில் போர்த்தப் பொன்னாடை இருந்திருக்கும். போர்த்திக்கொள்ள ஆள் இருந்திருக்கமாட்டார்.

இராமனைப் பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். உலகம் கொடுத்த எல்லாச் சிறப்பையும் பெற்றவர் அவர். பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வகத்தில் ஆண்டுதோறும் அத்தோபர் 2 அன்று காந்தியார் நினைவாகப் பொழிவு நிகழ்த்தி வந்தார். 1970-ஆம் ஆண்டும், எண்பத்தோராம் அகவையில், நிகழ்த்தினார். ஏழு கிழமை கழித்து மறைந்தார். தம் உடலை அவ்வளாகத்திலேயே எரியூட்டவேண்டும், அவ்விடத்தில் ஒரு மரம் போதும் என்று சொல்லியிருந்தார். அவ்வாறே மரம் நின்றது.

இறுதியாக, இப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் முன் என் வேண்டுகோள். இவ்வாண்டு விழாவிற்கென நீங்கள் ஒதுக்கிய தொகையில் பொன்னாடைக்கும் நினைவுக் கேடயத்திற்கும் எவ்வளவு என்று பார்த்தேன், பாதிக்கு மேல். அதனை இன்றே மாற்றுங்கள். அடுத்த திங்கள் வரவிருக்கும் ஆய்வாளர் நம் வட்டாரத்துப் பிள்ளை, உழவர் மகன். அவர்க்கு முழுதாக ஒரு மணிநேரம் கொடுங்கள். அவர்க்குமுன் ஒருவரும் பேசவேண்டா, நான் உட்பட. அவர் தமிழிற் பேசட்டும். கலைச்சொல் தட்டுப்பட்டால் நிறுத்திக் கேட்கட்டும்; நாங்கள் தமிழாசிரியர் நால்வர் அங்கேயே அமர்ந்திருப்போம், ஆய்ந்து சொல்வோம், கிடைக்காவிடில் அச்சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆய்வோம். அரைமணி நேரம் பிள்ளைகள் வினவட்டும். பேசியதை எழுதி, மிஞ்சும் பணத்தில் சிறு நூலாக அச்சிட்டு, மாணவர்க்கெல்லாம் ஒருபடி கொடுங்கள்.

விருந்தும் இருக்கட்டும். வடை பாயசத்தோடு வாழையிலை போடுங்கள். வினாக் கேட்ட பிள்ளைகளுக்கு முதற் பந்தி. அவர்களோடு அவ்வாய்வாளரும் அமர்ந்து உண்ணட்டும். தலைவரும் முன்னிலையாரும் நானும் இரண்டாம் பந்தியில் உட்காருகின்றோம்.